கத்திரி வெயிலில் க்ளூ கன்: ஒரு மாதிரி விமானத்தை இரண்டாம் முறை ஒட்டிய அனுபவம்

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, மேல்விஷாரம் அருகே பாலாற்று மணல்வெளியின் மேல், தரையில் நின்று நாங்கள் இயக்க, பறந்துகொண்டிருந்த எங்கள் மாதிரி விமானத்திலிருந்து மோட்டார் தனியாகக் கழன்றது. ஏறத்தாழ முப்பது மீட்டர் உயரத்தில் முழு விசையில் மேலேற்றிக்கொண்டிருந்தபோது சத்தம் திடீரென மாறியது. "மாமா, மோட்டார் கழண்டுபோச்சு!" என்று என் அக்காள் மகன் கத்தினான். நான் விசையைக் குறைப்பதற்குள், மூன்று ஒயர்களில் தொங்கிய மோட்டாரின் ப்ரொப்பெல்லர் மூக்குப் பகுதியை இரண்டு மூன்று இடங்களில் அறுத்துவிட்டது. எடை இடம் மாறியதால் விமானம் தலை தூக்கி, வேகம் இழந்து, பக்கவாட்டில் சரிந்து மணலில் விழுந்தது. இறக்கை ஏறக்குறைய முழுதாகத் தப்பியது. உடற்பகுதியும் வாலும் மீண்டும் பயன்படும் நிலையில் இல்லை.

விழுந்த இடத்திலேயே முதலில் பார்த்தது மோட்டார் பொருத்தியிருந்த ப்ளைவுட் பலகையைத்தான். அது உடையவில்லை. விமானத்தின் உடல் ஃபோம் போர்டு, அதாவது இருபுறமும் காகிதம் ஒட்டிய பாலிஸ்டைரீன் நுரைப் பலகை; அதன் காகிதத் துணுக்கு ஒன்றுகூட ப்ளைவுட்டில் ஒட்டியிருக்கவில்லை. பசை முழுவதும் ஃபோம் பக்கமே நின்றுவிட, பலகையின் முகம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. விரலால் தொட்டால் அந்தப் பசை கெட்டியாக இல்லை. நகத்தால் அழுத்தியபோது தழும்பு விழுந்து அப்படியே நின்றது. ஒட்டு வலுவாக இருந்து அடியில் தாக்குண்டு முறிந்திருந்தால் காகிதம் கிழிந்து வந்திருக்கும். இங்கே நடந்தது முறிவு அன்று; பசை இளகி, பிடிப்பை விட்டிருந்தது.

அந்த விமானத்தை ஜனவரியில் சத்துவாச்சாரி வீட்டில் கட்டினோம். 1.2 மீட்டர் இறக்கை அகலம், உயர்ந்த இறக்கை கொண்ட பயிற்சி விமானம், 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு. 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) அளவுள்ள 2212 மோட்டார், 10 அங்குல ப்ரொப்பெல்லர், மூன்று செல் 2200 எம்ஏஎச் லித்தியம் பாலிமர் பேட்டரி, இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் தகடுகளைத் திருப்ப நான்கு 9 கிராம் செர்வோ என்னும் சிறு மோட்டார்கள். உடல், வால், மோட்டார் பலகை, செர்வோ எல்லாமே, பசைக் குச்சியை உருக்கித் தரும் க்ளூ கன் கொண்டு ஒட்டப்பட்டவை. அப்போது அதற்குக் காரணம் இருந்தது. வெள்ளைப் பசையை இரண்டு ஃபோம் பலகைகளுக்கு நடுவே தடவினால், அதிலுள்ள நீர் வெளியேற வழியில்லாமல் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். சயனோ அக்ரிலேட் வகை உடனடிப் பசை பாலிஸ்டைரீன் ஃபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். க்ளூ கன்னில் வரும் பசையோ அரை நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறது. விடுமுறை நாளில் பன்னிரண்டு வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த பாகத்தை ஒட்டக் காத்திருக்கும்போது, அந்த அரை நிமிடம் பெரிய வசதி. ஏப்ரல் கடைசி வரை நாற்பது முறைக்கு மேல் பறக்கவிட்டிருப்போம். ஓர் ஒட்டும் விட்டதில்லை. ஆனால் அவை அனைத்தும் காலை ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் பறந்தவை என்பதை விபத்துக்குப் பிறகுதான் யோசித்தேன். அந்தச் சனிக்கிழமை மட்டும், வேறொரு வேலை முடித்துவிட்டு வந்ததால், விமானம் காரின் பின்னிருக்கையில் மூடிய கண்ணாடிக்குள் ஒன்றரை மணி நேரம் வெயிலில் இருந்தது.

குச்சியாக வரும் இந்தப் பசையின் அடிப்படை எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக். அதோடு ஒட்டும் தன்மைக்காகப் பிசினும், சீராக ஓடுவதற்காக மெழுகும் கலந்திருக்கும். இது காய்வதில்லை, வேதிமாற்றம் அடைந்து இறுகுவதும் இல்லை. சூட்டில் உருகுகிறது, ஆறினால் கெட்டிப்படுகிறது, அவ்வளவே. ஆகவே மறுபடி சூடேறினால் மறுபடி இளகும். சாதாரணக் குச்சிகள் மென்மையாகும் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸை ஒட்டியது என்பதால், வேலூர் வெயில் அதில் பாதிதானே என்று தோன்றும். அந்தக் கணக்கில்தான் நான் ஏமாந்தேன். 80 டிகிரி என்பது பசை தன் எடையைத் தானே தாங்காமல் வழியத் தொடங்கும் நிலை. இடைவிடாமல் ஒரு விசை இழுத்துக்கொண்டிருந்தால், அதற்கு வெகு முன்பே, 50 முதல் 60 டிகிரியிலேயே, பசை மெல்ல மெல்ல நகரும். கத்திரி வெயிலில் காற்றின் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மூடிய காருக்குள் 60 டிகிரி என்பது வியப்பே இல்லை. அதற்கு மேல், மூக்கில் அழகுக்காகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தேன். முழு விசையில் ஓடும் மோட்டாரும் தன் சூட்டைத் திருகுகள் வழியே அதே பலகைக்குக் கடத்துகிறது. ஆக, விமானத்தில் மிகவும் சூடாகும் இடத்தில், மிக அதிக இழுவிசை விழும் இடத்தில், சூட்டுக்கு இளகும் பசையை வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். பலகையைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, வழவழன்னு இருக்கற மேலேயே ஒட்டிட்டீங்க. நாங்க லெதரை உரசாம சோல் ஒட்டவே மாட்டோம்" என்றார். காலணித் தொழிலிலும் உருக்கி ஒட்டும் பசை உண்டு. காலணியின் முனைத் தோலை அச்சின் மேல் இழுத்து மடித்து ஒட்டும் லாஸ்டிங் இயந்திரத்தில் பாலியெஸ்டர் வகைப் பசை உருகி வருகிறது, அதன் உருகுநிலை நம் குச்சியைவிட மிக அதிகம் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுவதும் தோலையும் பசையையும் அறிந்த கைகள் இருக்க, மாதிரி விமானத்துக்கான அறிவை நான் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். எதை எதோடு ஒட்டினாலும் முதலில் உரச வேண்டும், தூசி தட்ட வேண்டும், பிறகே பசை என்ற அவருடைய ஒழுங்கை இப்போது தவறாமல் பின்பற்றுகிறேன்.

புதிய உடலைக் கட்டுவதற்கு முன் மாடியில் ஒரு சோதனை செய்தோம். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ப்ளைவுட் துண்டுகளை ஃபோம் போர்டு துண்டுகளின் மேல் 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறி நிற்கும்படி ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் நீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டோம். நிழலில் தொங்கிய துண்டு மாலை வரை அசையவில்லை. வெயிலில், வெள்ளைக் காகிதம் வெளியே தெரியும்படி தொங்கியது பிற்பகல் மூன்று மணிக்குள் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கீழே நழுவியிருந்தது. கறுப்பு டேப் சுற்றியது நாற்பது நிமிடங்களில் முழுவதுமாகக் கழன்று விழுந்தது. அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தபோது அதன் மேற்பரப்பு 62 டிகிரி இருந்தது. உப்புத்தாளால் உரசி, ஊசியால் சிறு துளைகள் இட்டு, பசை அவற்றுக்குள் இறங்கும்படி ஒட்டிய துண்டு அதே கறுப்பு டேப்போடு இரண்டு மணி நேரம் தாங்கியது. பிறகு அதுவும் நழுவியது. இன்னொரு துண்டை, பாட்டில் அதைப் பக்கவாட்டில் உரிக்கும்படி தொங்கவிட்டிருந்தோம். அது நிழலிலேயே பிற்பகலுக்குள் ஓரத்திலிருந்து உரிந்துவந்துவிட்டது. இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சூடு ஒருபுறம் இருக்கட்டும். உரிக்கும் விசைக்கு இந்தப் பசை எந்தக் காலநிலையிலும் ஏற்றதன்று. ஒட்டுக்கு இணையாகச் சறுக்கும் விசையைத் தாங்குவதுபோல், ஓரத்தைப் பிடித்துப் பெயர்க்கும் விசையை அது தாங்காது. பழைய விமானத்தில் மோட்டார் பலகையை மூக்கின் தட்டையான முகப்பில் வெளியே இருந்து ஒட்டியிருந்தேன். ப்ரொப்பெல்லர் முன்னோக்கி இழுக்கும் ஒவ்வொரு முறையும் பலகையைப் பெயர்ப்பதற்கே அந்த விசை போய்க்கொண்டிருந்தது.

எனவே புதிய மூக்கில் பலகையின் இடத்தையே மாற்றினேன். 3 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகை இப்போது பெட்டி வடிவ மூக்கின் உள்ளே, விளிம்பிலிருந்து 15 மில்லிமீட்டர் பின்னால் இறுக்கமாக உட்காருகிறது. நான்கு விளிம்புகளையும், அவை தொடும் ஃபோமின் உட்புறத்தையும் உப்புத்தாளால் உரசி, இரண்டு குழாயில் வரும் எபாக்ஸியைக் கலந்து தடவினேன். ஐந்து நிமிட வகையை விட்டுவிட்டு அரை மணி நேரத்தில் இறுகும் வகையை எடுத்தேன். மெல்ல இறுகுவதால் காகிதத்துக்குள்ளும் மர நாருக்குள்ளும் ஊறுவதற்கு அதற்கு நேரம் கிடைக்கிறது. சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்ஸியும் 60 டிகிரி அளவில் ஓரளவு இளகத்தான் செய்யும். ஆனால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துவிட்டதால் அது உருகி ஓடாது. ஆறியதும் பழைய உறுதிக்குத் திரும்பும். அதோடு நிற்காமல், பக்கச் சுவர் வழியாகப் பலகையின் விளிம்புக்குள் நான்கு மூங்கில் குச்சிகளைக் குறுக்கே செருகி, அவற்றின் தலையில் எபாக்ஸி வைத்தேன். பசை முழுவதும் விட்டுவிட்டாலும் குச்சிகள் பலகையை வெளியே விடா. கறுப்பு டேப்புக்குப் பதில் வெள்ளை டேப்.

இவ்வளவுக்குப் பிறகும் க்ளூ கன்னை நான் ஒதுக்கவில்லை. உடற்பகுதியின் நீண்ட மடிப்புகளுக்கு அதைவிட வசதியானது எதுவும் எனக்குத் தெரியாது. ஃபோம் போர்டின் ஒரு பக்கக் காகிதத்தையும் நடு ஃபோமையும் 45 டிகிரி சாய்வாக இருபுறமும் வெட்டி, அடிக்காகிதத்தை மட்டும் விட்டால், பலகை அந்தக் கோட்டில் செங்கோணமாக மடங்கும். மடித்த இடத்தில் இரண்டு சாய்ந்த முகங்கள் முழு நீளத்துக்கும் ஒன்றையொன்று தொடுகின்றன. வெளியே மடிந்த காகிதமே கீல் போல் பிடித்திருக்கிறது. இங்கே பசை ஏற்கும் விசை மிகக் குறைவு. மடிப்பை விரியாமல் வைத்திருப்பது மட்டுமே அதன் வேலை. வெயிலில் சற்று இளகினாலும் வடிவம் குலையாது.

ஆனால் அந்த மடிப்பில்தான் முதல் விமானத்தில் இன்னொரு தவறும் செய்திருந்தேன். 11 மில்லிமீட்டர் குச்சி ஏற்கும் பெரிய க்ளூ கன்னின் முனையில் பசை 190 டிகிரி அளவில் வருகிறது. பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். காகிதம் இல்லாத வெட்டு முகத்தில் கொதிக்கும் பசையை நேராக வைத்தால், ஃபோம் உள்ளே சுருங்கி ஒரு வாய்க்கால் உண்டாகும். மேலே பசை தெரியும், அடியில் வெற்றிடம் இருக்கும். பழைய உடலை அறுத்துப் பார்த்தபோது ஒரு சாண் நீளத்துக்கு அப்படி இருந்தது. இப்போது க்ளூ கன் நன்றாகச் சூடேறியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு நிமிடம் போல் பொறுத்து, கழிவுத் துண்டில் ஒரு கோடு இழுத்துப் பார்க்கிறேன். ஃபோம் சுருங்காமல் பசை படிந்தால் வேலையைத் தொடங்கலாம். அதிகம் ஆறவிட்டாலும் கெடுதல்தான். பசை நூலாம்படை போல் இழுபட்டு, முகத்தை நனைக்காமல் மேலாக நிற்கும். கோடு இழுத்த உடனே ஒரு அட்டைத் துண்டால் வழித்து மெல்லிய படலமாக்கிவிட்டு மடிக்கிறேன். டிசம்பர், ஜனவரிக் காலையில் இதற்குப் பத்து விநாடிகூடக் கிடைக்காது. மே மாதத்தில் அதைப்போல் இரு மடங்கு கிடைக்கிறது, ஆனால் மடித்த பிறகு பிடித்திருக்க வேண்டிய நேரமும் கூடுகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒட்டி, மடித்த பின் ஓடவிடுவது நல்ல பழக்கமாக அமைந்தது. அருகில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது. பசை தோலில் பட்டால் பிடுங்கக் கூடாது, உடனே கையை நீருக்குள் விட வேண்டும் என்பதைப் பையனிடம் முதல் நாளே சொல்லிவைத்தேன்.

வழித்தெடுப்பதால் எடையும் குறைகிறது. 20 சென்டிமீட்டர் நீளமுள்ள 11 மில்லிமீட்டர் குச்சி ஒன்று என் மின்தராசில் 18 கிராம் இருந்தது. பழைய உடலுக்கும் வாலுக்கும் மட்டும் மூன்று குச்சிகள் போயிருந்தன. புதியதற்கு ஒன்றுக்குச் சற்றே மேல் ஆயிற்று. வாலில் சேரும் பசைதான் எல்லாவற்றிலும் கொடியது. எங்கள் விமானத்தில் வால் ஈர்ப்பு மையத்துக்கு 60 சென்டிமீட்டர் பின்னாலும், மூக்கு 22 சென்டிமீட்டர் முன்னாலும் இருக்கின்றன. வாலில் 12 கிராம் பசை வைத்தால், அதைச் சமன் செய்ய மூக்கில் ஏறத்தாழ 33 கிராம் ஈயம் வேண்டும். பழைய விமானம் அந்த ஈயத்தை நான்கு மாதங்கள் சுமந்து பறந்தது. இப்போது வாலில் 4 கிராம் பசை, மூக்கில் 11 கிராம் ஈயம். எபாக்ஸியையும் மூங்கிலையும் சேர்த்த பிறகும் மொத்த எடை 860 கிராமிலிருந்து 813 கிராமாக இறங்கியது.

சக்கரக் கம்பியில் க்ளூ கன் எனக்கு ஒருபோதும் பலன் தரவில்லை. இரும்பு சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்வதால், பசை அதைத் தொட்ட கணத்திலேயே உறைந்து, கம்பியைச் சுற்றி ஓர் உறை போல் நிற்கிறதே தவிர ஒட்டுவதில்லை. ஹேர் டிரையரால் கம்பியை முதலில் சூடாக்கினால் நிலைமை சற்று மேம்படும். நான் கம்பியை ப்ளைவுட் துண்டில் துளைகள் வழியே நூலால் இறுகச் சுற்றிக் கட்டி, நூலை எபாக்ஸியில் ஊறவைத்துவிட்டேன். இறக்கையின் நடுவே ஓடும் கார்பன் குழாய்க்கும் இதே காரணத்தால் எபாக்ஸிதான்.

செர்வோக்களுக்கு மட்டும் நேர்மாறாக, எளிதில் விட்டுவிடும் இந்தக் குணமே நன்மை. செர்வோவைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒரு சுற்று ஒட்டி, ஃபோமில் அதன் அளவுக்கே வெட்டிய குழிக்குள் உட்காரவைத்து, இரு முனைகளிலும் ஒரு பொட்டுப் பசை வைத்தால் போதும். விசையைக் குழியின் சுவர்களே தாங்குகின்றன. கழற்ற வேண்டியபோது பசையின் ஓரத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சில துளிகள் விட்டு ஒரு நிமிடம் பொறுத்தால், வழவழப்பான பரப்பிலிருந்து பசை தானாகவே எழும்பிவிடுகிறது. விபத்துக்குள்ளான விமானத்தின் நான்கு செர்வோக்களையும் பல் ஒன்றுகூட உடையாமல் இப்படித்தான் மீட்டோம். மோட்டாரை ஓட்டும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மட்டும் எங்கும் ஒட்டுவதில்லை. அது தானே சூடாகும் பொருள். காற்றுப் படும் இடத்தில் வெல்க்ரோ பட்டையில் நிற்கிறது.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை விமானத்தை அதே மணல்வெளிக்குக் கொண்டுசென்றோம். மேற்கே அப்துல்லாபுரத்தில் விமான ஓடுதளமும் கிழக்கே அரக்கோணத்தில் கடற்படையின் விமானத் தளமும் இருப்பதால், புறப்படும் முன், ஆளில்லா விமானங்களை எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். காருக்குள் வைக்காமல், கரையோரச் சீமைக் கருவேல நிழலில் வெள்ளை வேட்டியால் மூடி வைத்திருந்தோம். காலை ஏழு மணிக்கு இரண்டு முறை பறந்தது. பிறகு வேண்டுமென்றே பத்தரை மணி வரை காத்திருந்து, மூக்கை வெயிலில் கால் மணி நேரம் காட்டிவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கழற்றி, மோட்டாரைக் கையால் பிடித்து நான்கு திசையிலும் அசைத்துப் பார்த்தேன். அசைவில்லை. ப்ரொப்பெல்லரை மாட்டி, பையனைப் பின்னால் நிறுத்தி, விமானத்தைக் கையில் பிடித்தபடி அரை நிமிடம் முழு விசையில் ஓட்டினேன். அதன் பிறகே மூன்றாம் முறை ஏற்றினோம். எட்டு நிமிடம் பறந்து இறங்கியது.

இறங்கியதும் ஒவ்வொரு ஒட்டாக நகத்தால் அழுத்திப் பார்த்தோம். உடல் மடிப்புகளில் எதுவும் விரியவில்லை. வாலில் மேலும் கீழும் அசையும் தகடான எலிவேட்டரில், செர்வோவின் கம்பி மாட்டும் கொம்பின் அடியில் இருந்த பசை மட்டும் சற்று மென்மையாக இருந்தது. கம்பி தள்ளும் திசையில் கொம்பு நூலளவு சாய்ந்திருந்தது. அங்கே பின்புறம் ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்து, ஃபோமை நடுவில் விட்டு இரண்டு சிறு திருகுகளால் முடுக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு, விமானத்தை மறுபடி வேட்டியில் சுற்றினோம்.